காற்று திரும்பும் நேரத்துக்கு என்ன விலை?

கொண்டச்சியின் முத்து ஏலம் முதல் சிகாகோவின் வெப்பநிலைச் சந்தை வரை

இரவு பத்து மணியளவில் அரிப்பில் ஒரு பீரங்கி வெடிக்கும். கொண்டச்சிக் குடாவில் காத்துக்கிடக்கும் வள்ளங்கள் எல்லாம் ஒன்றாகப் பாய் விரிக்கும். தரை குளிர்ந்து, கரைக்காற்று கடலை நோக்கி வீசத் தொடங்கியிருக்கும் வேளை அது. அந்தக் காற்றோடு போனால் விடியுமுன் முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்களை எட்டிவிடலாம். வள்ளத்துக்கு அதை நடத்தும் ஒரு தண்டல், இருபது ஆட்கள். இருபதில் பத்துப் பேர் சுழியோடிகள். ஐந்து ஐந்து பேராக மாறி மாறி இறங்குவார்கள். நண்பகலையொட்டிக் காற்று திசை மாறும். கடலிலிருந்து கரைக்கு வீசத் தொடங்கியதும் வேலையை நிறுத்தி அதே காற்றைப் பிடித்துத் திரும்ப வேண்டும். வள்ளங்கள் தொலைவில் தெரிந்தவுடன் இன்னொரு பீரங்கி வெடிக்கும், கொடி ஏறும். பணம் போட்டவர்கள் கரையில் தவித்துக்கொண்டு நிற்பார்கள்.

பிரித்தானியப் படை அதிகாரி றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில் கொண்டச்சியைப் பற்றி எழுதிவைத்த காட்சி இது. மன்னாருக்குத் தெற்கே, சிலாவத்துறையை அடுத்த இந்தக் கரையில், அன்று ஆண்டின் பெரும்பகுதி மணலும் முட்புதரும் தவிர வேறெதுவும் இருக்காது. பெப்ரவரி வந்தால் கூடாரங்களால் ஆன ஒரு நகரம் எழும்பும். வடகிழக்கு வாடைக்காற்று அடங்கி, தென்மேற்குச் சோளகம் இன்னும் எழாத இடைக்காலம் அது. ஏப்ரல் தொடங்கும்போது முடிந்துவிடும். அந்த ஒன்றரை இரண்டு மாதம் கடல் அமைதியாக இருந்தால் பலர் பணக்காரர் ஆவார்கள். இல்லையென்றால் வட்டிக்கு வாங்கி வந்தவர் வட்டியோடு திரும்புவார்.

இந்தக் கரையைப் பற்றி இப்போது எழுதக் காரணம் உண்டு: ஏறக்குறைய இதே கேள்விக்கு உலகின் மறுமுனையில் ஒவ்வொரு நாளும் விலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கரைக்காற்று எப்போது நின்று, நீர்ப்பக்கக் காற்று எப்போது எழும்? அமெரிக்காவின் சிகாகோ நகரில் அந்த ஒரு மணி நேரத்தை வைத்துப் பணம் கைமாறுகிறது.

சிகாகோவின் ஒரு வசந்தகால நாள்

முதலில் அந்தச் சந்தையின் அமைப்பு. கல்ஷி என்ற நிறுவனம் அமெரிக்கப் பண்ட எதிர்கால வணிக ஆணையத்திடம் 2020இல் அனுமதி பெற்று, 2021இல் இயங்கத் தொடங்கியது. அங்கே விற்கப்படுபவை பங்குகள் அல்ல, கேள்விகள். “இன்று சிகாகோ மிட்வே விமான நிலையத்தில் உச்ச வெப்பநிலை 62 முதல் 63 பாகை பரனைட் வரை இருக்குமா?” என்பது ஒரு கேள்வி. “ஆம்” என்று வாங்கியவருக்கு, அப்படியே நடந்தால் ஒரு டொலர். நடக்காவிட்டால் எதுவும் இல்லை. அந்த “ஆம்” 30 சதத்துக்கு விலைபோனால், நடப்பதற்கு நூற்றுக்கு முப்பது வாய்ப்பு இருப்பதாகச் சந்தை நினைக்கிறது என்று பொருள். ஒரு நாளைக்கு இப்படி இரண்டிரண்டு பாகையாகப் பிரித்த சில கட்டங்கள், மேலும் கீழும் எல்லையற்ற இரண்டு கட்டங்கள். மறுநாள் காலை அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை வெளியிடும் நாளாந்த அறிக்கையில் என்ன எண் இருக்கிறதோ, அதுவே தீர்ப்பு.

நியூயோர்க், மியாமி போன்ற நகரங்களுக்கும் இத்தகைய கட்டங்கள் உண்டு. ஆனால் சிகாகோவுக்கு ஒரு தனிக் கடினம் இருக்கிறது: மிச்சிகன் ஏரி. பெயர்தான் ஏரி. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. ஏப்ரலில் தரை சூடேறி 24, 25 பாகை செல்சியசைத் தொடும் நாளிலும் ஏரியின் நீர் 10 பாகைக்குக் கீழே கிடக்கும். தரையின் சூட்டில் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப ஏரியிலிருந்து கனத்த குளிர்காற்று உள்ளே நகரும். அது வரும் விளிம்பு ஒரு கோடு போன்றது; கோட்டுக்கு இந்தப் பக்கம் கோடை, அந்தப் பக்கம் குளிர். கோடு கடந்த ஒரு மணி நேரத்துக்குள் வெப்பநிலை பத்துப் பாகை சரிவதும் உண்டு. கொண்டச்சியில் நண்பகலில் வள்ளங்களைத் திருப்பியதும் இதே இயற்பியல்தான். மன்னார்க் கடல் வெதுவெதுப்பானது, ஆகவே இங்கே காற்று திரும்பினால் குளிர் தாக்காது. தாக்கம் திசையிலும் வேகத்திலும்.

மிட்வே விமான நிலையம் ஏரிக்கரையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் உள்ளே. ஏரிக்காற்றின் கோடு அங்கே முற்பகல் பதினொரு மணிக்கு வந்துவிட்டால் அன்றைய உச்சம் 16 பாகையோடு நின்றுபோகும். பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால், வருவதற்குள் 24ஐத் தொட்டிருக்கும். உச்சம் என்பது ஒரு கணம் தொட்டாலும் உச்சம்தான். பின்பு குளிர்ந்தது கணக்கில் வராது.

ஆகவே அத்தகைய நாளில் உண்மையான வாய்ப்புகள் இரண்டு குவியலாகக் கிடக்கின்றன. ஒன்று 16ஐச் சுற்றி, மற்றது 24ஐச் சுற்றி. வானிலை மாதிரிகள் பலவற்றின் முடிவுகளையும் கூட்டி வகுத்தால் 20 என்று வரும். அந்த 20தான் அன்று நடப்பதற்கு மிகக் குறைந்த வாய்ப்புள்ள எண்! தொலைபேசியில் “இன்று உச்சம் 20” என்ற ஒற்றை எண்ணைப் பார்த்துவிட்டு நடுக்கட்டத்தை வாங்குபவர், எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் தோற்பார். நீர்நிலையோர நகரங்களின் வானிலையைப் பற்றி ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் நான் இதையே சொல்வேன்: சராசரியை நம்பாதே, இரண்டு முடிவுகளையும் தனித்தனியே எடைபோடு.

கனடாவில் உறவு உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்காபரோவில் இருக்கும் நம்மவர் வசந்தத்தில் கேட்கும் வானிலை அறிவிப்பில் நகருக்கு ஓர் எண்ணும், ஒன்ராறியோ ஏரிக்கு அருகே அதைவிடக் குறைந்த இன்னோர் எண்ணும் சேர்ந்தே வரும். அறிவிப்பாளர் இரண்டு எண் சொல்கிறார். சந்தை ஒரு கருவியின் எண்ணை மட்டும் கேட்கிறது.

திறக்காத சிப்பியின் விலை

கொண்டச்சியின் சந்தை இதைவிடப் பலமடங்கு சிக்கலானது. ஒரே பருவத்தை மூன்று படிகளில் விலைபேசினார்கள், ஒவ்வொரு படியிலும் பொருள் கண்ணுக்குத் தெரியாது.

முதற்படி, முழுப் பருவத்தின் உரிமை. 1804ஆம் ஆண்டு முத்துக்குளிப்பைப் பற்றி ஜேம்ஸ் கோடினர் என்ற பாதிரியார் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவர், சில காலம் சோழமண்டலக் கரையில் வாழ்ந்தவர், 150 வள்ளங்களுடன் 30 நாள் குளிக்கும் உரிமையை 3 லட்சம் பறங்கிப்பேட்டை வராகனுக்கு எடுத்தார். அன்றைய மதிப்பில் 1,20,000 பவுண். எடுத்தவர் செய்ததைக் கவனிக்க வேண்டும். வள்ளத்துக்கு அவருக்கு விழுந்த விலை 2,000 வராகன். நல்ல வள்ளங்கள் சிலவற்றின் உரிமையை 3,000க்கும், வேறு சிலவற்றை 2,500க்கும் மற்றவர்களுக்கு விற்றார். மிகுதியான பெரும்பகுதியைத் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டார். ஆபத்தில் ஒரு துண்டை இலாபத்தோடு பிறர் தலையில் இறக்கிவைத்து, மீதியைத் தாமே சுமப்பது. இன்றைய வணிகப் பள்ளிகளில் பாடமாக நடத்தும் உத்தியை யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு லட்சத்து இருபதாயிரம் பவுணை வைத்துச் செய்திருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இரண்டாம் படி, நாளாந்த ஏலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசே நேரடியாகக் குளிப்பை நடத்தத் தொடங்கிய பின் இது வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகாம் சற்றுத் தெற்கே மறிச்சுக்கட்டிக்கு நகர்ந்திருந்தது. வள்ளத்திலிருந்து இறங்கிய சிப்பி மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசுக்கு, ஒன்று சுழியோடிகளுக்கும் வள்ளத்துக்கும். அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும், ஒரு சிப்பி கூடத் திறக்கப்படாமல். 1906இல் அந்தக் கணக்கையும் ஏலத்தையும் கவனிக்க அனுப்பப்பட்ட இளம் அதிகாரிகளில் ஒருவர், பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப்.

மூன்றாம் படி, கோட்டுவாசல், அதாவது சிப்பி பிரிக்கும் அடைப்பின் வாசல். தம் பங்கைச் சுமந்து வெளியே வரும் சுழியோடிகளை மொய்த்துக்கொண்டு சிறு வியாபாரிகளும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் பத்து, இருபது சிப்பி வாங்கி அங்கேயே பிளந்து பார்ப்பார்கள். பெரிய வணிகரோ சிப்பிகளை நாட்கணக்கில் அழுகவிட்டு, கழுவி, துளைகளின் எண்ணிக்கையால் தரம்பிரித்த பித்தளைச் சல்லடைகளில் சலித்து, ஆணி, குறுவல், தூள் என்று வகைபிரித்த பிறகே தம் வெற்றி தோல்வியை அறிவார். அதற்குள் அடுத்தடுத்த ஏலங்கள் வந்துவிடும். நேற்றைய சிப்பியில் என்ன இருந்தது என்ற முணுமுணுப்பு இன்றைய விலையை ஏற்றும், இறக்கும்.

இத்தனைக்கும் அடித்தளமாக ஒரு முன்னறிவிப்பு இருந்தது. பருவத்துக்குச் சில மாதம் முன்பு பார்களைப் பரிசோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, முத்துகளைக் கழுவி, வல்லுநர்களைக் கொண்டு மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி என்று அரசு விளம்பரம் செய்யும். அந்த எண்ணை நம்பித்தான் கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வணிகர் வந்தார்கள். இன்று சிகாகோச் சந்தையில் வானிலை முன்னறிவிப்புக்கு உள்ள இடம் அன்று அந்த மாதிரிக்கு இருந்தது.

சுழியோடிகளுக்கென்று தனியே ஒரு பாதுகாப்பும் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி கரையில் நின்று மந்திரம் சொல்லாமல் அவர்கள் நீரில் இறங்கமாட்டார்கள். பிரித்தானிய அரசு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இதை மூடநம்பிக்கை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. பணம் போட்டவர் இழப்பது பணம். இறங்குபவர் இழப்பது உயிர். அந்த உயிருக்கு அன்றைய கரையில் கிடைத்த ஒரே உறுதி அந்த மந்திரம்தான்.

மூன்று நல்ல ஆண்டுகள்

1903இல் குளிப்பு நன்றாக நடந்தது. 1904இலும் அப்படியே. 1905 வரலாறு காணாத ஆண்டு: 8 கோடியே 15 லட்சம் சிப்பிகள், அரசுக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம். அரசின் பங்கில் ஆயிரம் சிப்பிக்குச் சராசரியாக 45 ரூபாய்க்கு மேல்.

இந்த எண்களைப் பார்த்து லண்டனில் பணம் திரண்டது. இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனி என்ற நிறுவனம், 1906 முதல் 20 ஆண்டுகளுக்குப் பார்களை அரசிடம் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபாய். 1905இன் ஒற்றைப் பருவ வருமானம் இதில் எட்டு ஆண்டு வாடகைக்குச் சமம். மலிவாகக் கிடைத்த சரக்கு என்றே எவரும் எண்ணியிருப்பார். அறிவியலும் பக்கத்தில் இருந்தது. லிவர்பூல் பேராசிரியர் ஹேட்மன் 1902இல் இங்கு வந்து பார்களை ஆராய்ந்து, ஐந்து தொகுதிகளாக அறிக்கை வெளியிட்டவர். அவரோடு வந்த ஜேம்ஸ் ஹோர்னல், கடல் உயிரியல் வல்லுநராகவே பணியாற்றினார்.

1906இல் குளிப்பு நடந்தது. 1907இலும் நடந்தது. அதன் பிறகு பார்கள் வெறுமையாயின. ஓர் ஆண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு. 1912இல் கம்பனி குத்தகையைக் கைவிட்டது. அடுத்த குளிப்பைப் பார்க்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன்? முத்துச்சிப்பியின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து திரிபவை. நீரோட்டம் நல்ல பாறைத்தளத்தில் கொண்டுபோய் விட்டால் பார் நிறையும். மணலில் விட்டால் எல்லாம் அழியும். ஒட்டிப் பிடித்தவற்றைத் திருக்கையும் நட்சத்திர மீனும் தின்னும். பருவக்காற்றில் புரளும் மணல் முழுப் பாரையும் ஓரிரவில் மூடிவிடக்கூடும். இவற்றின் மேல் மனிதரின் அள்ளல். பார் ஏன் வந்தது என்பதற்கும் ஏன் போனது என்பதற்கும் காற்றும் நீரோட்டமும் பாதி விடை.

ஆனால் கம்பனியின் தவறை விளங்கிக்கொள்ள உயிரியல் தேவையில்லை, பழைய பதிவேடு போதும். ஒல்லாந்தர் காலத்தில் 1768க்குப் பிறகு குளிப்பே இல்லை, 1796 வரை. ஆங்கிலேயர் காலத்தில் 1838 முதல் 1854 வரை 17 ஆண்டுகள் வெறுமை. 1892 முதல் 1902 வரை 11 ஆண்டுகள் வெறுமை. அரசின் பதிவுகளிலேயே இவை எல்லாம் இருந்தன. நூறு ஆண்டுக் கணக்கை மேசையில் வைத்துக்கொண்டு, கண்முன் இருந்த மூன்று ஆண்டுகளை வைத்து விலை பேசினார்கள். சிகாகோச் சந்தையில் மூன்று நாள் தொடர்ந்து சூடாக இருந்ததைப் பார்த்து நான்காம் நாளும் சூட்டை வாங்குபவர் அதே வழியில்தான் போகிறார். ஏப்ரல் நாட்களில் ஏரிக்காற்று எத்தனை முறை எத்தனை மணிக்கு வந்தது என்ற முப்பதாண்டுப் பதிவு யாரும் எடுத்துப் பார்க்கக் கூடியதாகவே இருக்கிறது.

கருவியை யார் பார்க்கிறார்கள்?

வானிலைமேல் பணம் வைப்பது புதிதல்ல. கல்கத்தாவின் படா பஜாரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மழைமேல் பந்தயம் கட்டினார்கள். குறித்த நேரத்துக்குள் கூரையிலிருந்து தண்ணீர் பீலி வழியாக வழிந்தால் ஒருவருக்கு, வழியாவிட்டால் மற்றவருக்கு. இது எங்கள் வணிக வழக்கம் என்று மார்வாரி வணிகர்கள் வாதாடினார்கள். வங்க அரசு கேட்கவில்லை. 1897இல் மழைச் சூதாட்டத்தைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து “ஆம், இல்லை” சொல்லும் செயலிகளையும் அடைத்தது. அதே ஆண்டில் அந்நாட்டு வானிலைத் துறையோடு விவசாயப் பண்டச் சந்தை ஒன்று, மழையை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தங்களை உருவாக்க உடன்பாடு செய்துகொண்டது. ஒரு கை அடைக்கிறது, மறு கை திறக்கிறது. இதில் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மழை பொய்த்தால் நட்டப்படுபவர் மழைமேல் ஒப்பந்தம் வாங்குவது காப்பு. மழையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் வாங்குவது பந்தயம். சிகாகோ வணிகச் சந்தை 1999இல் வெப்பநிலை ஒப்பந்தங்களைத் தொடங்கியதும் முதல் வகையினருக்காகத்தான்: குளிர்காலம் வெதுவெதுப்பாகிவிட்டால் எரிவாயு விற்பனை படுத்துவிடும் நிறுவனங்களுக்காக.

தொலைபேசியில் சில டொலர் வைத்து மிட்வேயின் உச்சத்தை ஊகிக்கும் இளைஞர், இரண்டாம் வகை. அவர் ஜெயிக்கும் ஒவ்வொரு சதமும் இன்னொருவர் தோற்ற சதம். இடையில் நிறுவனத்துக்குக் கட்டணம். எதிரே இருப்பவர் யார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்க வானிலைச் சேவையின் நாள், கோடையிலும் மாறாத நியம நேரப்படி கணக்கிடப்படுகிறது. ஆகவே கோடையில் அந்த “நாள்” இரவு ஒரு மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிகிறது. நிலையத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கொரு முறை வரும் எண் முழுச் செல்சியசாக முழுமையாக்கப்பட்டுப் பிறகு பரனைட்டாக மாற்றப்படுவதால், திரையில் தெரிவது உத்தியோகபூர்வ உச்சத்திலிருந்து ஒரு பாகை பரனைட் விலகலாம். கட்டமே இரண்டு பாகை அகலம். எதிரே இருப்பவர் இவற்றையெல்லாம் கணினியில் எழுதி வைத்திருக்கிறார். மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சந்தையில் பணம் போடச் சொல்லமாட்டேன். போடாதீர்கள் என்றே சொல்கிறேன்.

ஆனால் அந்தச் சந்தை பயன்படுத்தும் அறிவு வேறு. அது நமக்கு உடனடியாகத் தேவை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள் நிற்கின்றன, 103.5 மெகாவாற் திறன். காற்று எத்தனை மணிக்கு எழும், எப்போது விழும் என்பது மின்சாரத் துறைக்குப் பணக்கணக்கு. இன்னும் கோபுரங்கள் வேண்டாம் என்று தீவு மக்கள் 2025இல் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்தக் காற்றினால் கிடைக்கும் பயனில் தமக்கு என்ன பங்கு என்ற கேள்வியும் அந்தக் கோபத்தில் இருந்தது. சிப்பிக் குவியலில் மூன்றில் ஒன்றாவது சுழியோடியின் பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது.

கொண்டச்சியின் மக்கள் இழப்பை அறிந்தவர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கொண்டச்சி அடங்கிய முசலிப் பகுதி ஊர்களும் காலியாயின. பெரும்பாலோரால் போர் முடிந்த பிறகே திரும்பிவர முடிந்தது. இன்று அந்தக் கரையில் வள்ளம் வைத்திருப்பவருக்குக் கச்சான் என்னும் மேல்காற்று எழும் நாளெல்லாம் வருமானமில்லாத நாள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மன்னார் மாவட்டமும் வெள்ளத்தில் தப்பவில்லை.

குஜராத்தைச் சேர்ந்த சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் செய்த ஒன்றை இங்கே கொண்டுவரலாம். வெப்பநிலை ஒரு குறித்த அளவைத் தாண்டினால், எந்த விண்ணப்பமும் இல்லாமல், காப்புறுதியில் சேர்ந்த பெண்களின் கணக்குக்குப் பணம் போகும். 2024 மே மாத வெயிலில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அப்படிப் பணம் கிடைத்தது. சிறிய தொகைதான், ஆனால் வேலைக்குப் போகாமல் ஒரு நாள் நிழலில் இருக்க அது போதும். கல்ஷியின் கட்டத்துக்கும் இதற்கும் இயக்கத்தில் வேறுபாடு இல்லை: ஒரு கருவி, ஓர் எல்லை, தாண்டினால் பணம். வாங்குபவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

முசலிக் கரைக்கு அப்படி ஒன்று வருமானால் எல்லை வெப்பநிலையில் இருக்கக்கூடாது, காற்றின் வேகத்தில் இருக்க வேண்டும். கருவி மன்னார் நகரில் இருந்தால் பயனில்லை. ஏரியிலிருந்து 13 கிலோமீற்றர் தள்ளி நிற்கும் மிட்வேயில் 24 பாகை காட்டும் நேரத்தில் ஏரிக்கரையில் நிற்பவர் குளிரில் நடுங்குகிறார். அதேபோல நகரத்துக் கருவி அமைதி காட்டும் நாளில் சிலாவத்துறைக்கு வெளியே கடல் வள்ளத்தை இறக்கவிடாமல் புரளலாம். கருவியை வள்ளங்கள் இழுத்துவைக்கும் இடத்திலேயே நட வேண்டும். எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் கடலுக்குப் போகமுடியாது என்பதை அந்தந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் சொல்லவேண்டும், கொழும்பிலுள்ள அலுவலகம் அல்ல. அளவீடு நாள்தோறும் சங்கக் கட்டிடத்துப் பலகையில் எழுதப்பட வேண்டும், எவரும் போய்ப் பார்க்கக்கூடியதாக. பணம் காற்று அடங்குமுன் கைக்கு வரவேண்டும்.